சூளைக் கண்ணாடிச் சரக்கு: உடைந்த சில்லு சொல்லும் நியாயம்

மளிகைக் கடையில் அலங்காரச் சரக்குக்கு என்ன வேலை என்று கேட்ட காலம் மலையேறிவிட்டது. பருப்பும் எண்ணெயும் வாங்க வருகிற வாடிக்கையாளர், கல்லாப்பெட்டி அருகே வண்ணக் கண்ணாடித் தட்டோ கிண்ணமோ விளக்குத் தாங்கியோ கண்ணில் பட்டால் அதையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போகிறார். பண்டிகை நாட்களில் பரிசுப் பொருளாகவும் இவை விலை போகின்றன. லாபம் மளிகையைவிடக் கூடுதல்தான். ஆனால் சேதாரமும் கூடுதல். சேதாரம் வந்தால் தயாரிப்பாளர் லாரியைக் குறை சொல்வார்; லாரி ஆபீஸில் "பேக்கிங் சரியில்லை" என்பார்கள்; கடைசியில் நஷ்டம் கடைக்காரர் தலையில் விடியும்.

இந்த வழக்கைத் தீர்க்கும் சாட்சி நம் கையிலேயே இருக்கிறது. உடைந்த சில்லுதான் அந்தச் சாட்சி. அதைக் குப்பையில் போடாமல் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், தவறு சூளையில் நடந்ததா, வழியில் நடந்ததா என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம். அதற்கு இந்தச் சரக்கு எப்படி உருவாகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

செய்யும் விதம்

வண்ணக் கண்ணாடித் தகடுகளை வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, மின்சூளையில் வைத்துச் சுடுகிறார்கள். இதற்கென்றே தயாராகும் கண்ணாடி சுமார் 790 முதல் 815 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருகி ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். ஆறிய தகட்டை அச்சின்மேல் வைத்து, 620 முதல் 680 டிகிரி வரை மீண்டும் சுட்டால் அது வளைந்து கிண்ணமாகிவிடும். சாதாரண ஜன்னல் கண்ணாடிக்கு இதைவிடக் கூடுதல் சூடு வேண்டும்.

விரிசலைப் படிப்பது எப்படி?

முதலாவது, விரிசலின் விளிம்பு மழுங்கி உருண்டிருந்தால், சூடு ஏறும்போதே தகடு உடைந்து, பிறகு அந்த உடைப்பு உருகியிருக்கிறது என்று பொருள். சூளையை அவசரமாக ஏற்றியதால் வந்த குறை இது.

இரண்டாவது, விளிம்பு கத்தி போலக் கூர்மையாக இருந்து, விரிசல் பாம்பு போல வளைந்து தகட்டின் குறுக்கே ஓடியிருந்தால், சூளையில் ஆறவிட்டது போதவில்லை.

மூன்றாவது, விளிம்பு கூர்மையாக இருந்து, விரிசல் இரண்டு வண்ணங்கள் சேரும் எல்லையை ஒட்டியே போயிருந்தால், ஒன்றுக்கொன்று ஒவ்வாத இரு கண்ணாடிகளைச் சேர்த்துச் சுட்டிருக்கிறார்கள்.

நான்காவது, ஓரிடத்தில் நொறுங்கி வெள்ளைப் புள்ளி விழுந்து, அங்கிருந்து விரிசல்கள் நாலாபுறமும் பிரிந்திருந்தால் அது அடிபட்ட உடைப்பு. இதற்குச் சூளையைக் குறை சொல்ல முடியாது. பேக்கிங்கையும் வண்டியையும் கேட்க வேண்டும்.

ஆறவிடுவதில்தான் எல்லாம்

"ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்க வேண்டும்" என்ற பழமொழி இந்தத் தொழிலுக்கே சொன்னது போல் இருக்கிறது. கண்ணாடியின் மேற்புறம் சீக்கிரம் ஆறிவிடும். உட்புறம் மெதுவாக ஆறும். இரண்டும் ஒரே சீராகச் சுருங்காவிட்டால் உள்ளே இழுவிசை தங்கிவிடும். அதைப் போக்கக் குறிப்பிட்ட சூட்டில் நிறுத்திவைத்து, பிறகு படிப்படியாக இறக்குவார்கள். தொழில் செய்கிறவர்கள் இதை அனீலிங் என்பார்கள். அமெரிக்காவில் போர்ட்லாண்ட் நகரில் தயாராகும் புல்ஸ்ஐ கண்ணாடிக்கு இந்தச் சூடு 482 டிகிரி. 6 மி.மீ. கனத்துக்கு 1 மணி நேரம், 12 மி.மீ. கனத்துக்கு 2 மணி நேரம், 25 மி.மீ. கனத்துக்கு 4 மணி நேரம் நிறுத்த வேண்டும். அதன்பின் இறக்கும் வேகமும் கனத்துக்கு ஏற்பக் குறைய வேண்டும். 6 மி.மீ. தகட்டை முதலில் மணிக்குச் சுமார் 83 டிகிரி வீதம் இறக்கலாம், 25 மி.மீ. கட்டியை மணிக்குச் சுமார் 15 டிகிரிதான் இறக்கலாம். பண்டிகை ஆர்டர் நெருக்குகிறது என்று சூளைக் கதவைச் சீக்கிரம் திறந்தால், தட்டு அன்றைக்கு உடையாமல் நம் அலமாரிக்கு வந்து, பல வாரம் கழித்து உடையும். இரவில் கடையைப் பூட்டும்போது நன்றாக இருந்த தட்டு காலையில் இரண்டாகக் கிடந்தால், எலி தள்ளியது என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள்.

ஒவ்வாத கண்ணாடி

ஒவ்வொரு கண்ணாடிக்கும் ஒரு விரிவு எண் உண்டு. சூட்டில் அது எவ்வளவு விரியும், ஆறும்போது எவ்வளவு சுருங்கும் என்பதற்கான கணக்கு அது. இந்தத் தொழிலில் 90, 96 ஆகிய இரு எண்கள் அதிகம் புழங்குகின்றன. 30 செ.மீ. தட்டு 450 டிகிரி ஆறினால், 90 எண் கண்ணாடி ஏறக்குறைய 1.2 மி.மீ. சுருங்கும், 96 எண் கண்ணாடி ஏறக்குறைய 1.3 மி.மீ. சுருங்கும். வித்தியாசம் ஒரு தலைமுடிக் கனம்தான் என்றாலும், ஒட்டிப்போன கண்ணாடிக்கு அதுவே போதும். ஜன்னல் கண்ணாடியிலும் ஒரு தொழிற்சாலைச் சரக்கு இன்னொன்றோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம். ஆகவே இரண்டு அடுக்கையும் ஒரே தகட்டிலிருந்து வெட்டுவதே உத்தமம்.

இங்கே ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. ஆறவிட்டதில் குறை என்றால், இன்னும் உடையாத சரக்கைத் திரும்பச் சூளையில் வைத்து முறைப்படி ஆற்றிச் சரிசெய்யலாம். ஒவ்வாத கண்ணாடி என்றால் எத்தனை முறை ஆற்றினாலும் தீராது. அந்தச் சரக்கை விலை குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

மற்ற குறைகள்

குமிழி: அடுக்குகளின் ஓரம் முதலில் உருகி மூடிக்கொண்டால் நடுவில் காற்று சிக்கிவிடும். 650 டிகிரியை ஒட்டிச் சுமார் அரை மணி நேரம் நிறுத்தினால் காற்று மெல்ல வெளியேறும். அடியிலிருந்து பெரிய குமிழி கிளம்பியிருந்தால், சூளைப் பலகையில் பள்ளமோ ஈரமோ இருந்திருக்கிறது. சிறு குமிழிகள் அழகுக்குக் குறையே தவிர ஆபத்து இல்லை. மேலே மெல்லிய தோலாக உப்பிய குமிழி உடைந்து கையைக் கிழிக்கும். அதைத் திருப்பி அனுப்புங்கள்.

மங்கல்: பளபளப்பு போய், மேலே சுண்ணாம்பு படர்ந்தது போல் தெரியும். கைரேகை, தூசி, எண்ணெய்ப் பிசுக்கு ஆகியவற்றோடு சுட்டாலும், 700 முதல் 760 டிகிரிக்குள் நெடுநேரம் நின்றாலும் இப்படி வரும். ஜன்னல் கண்ணாடியில் இது அதிகம். வெட்டிய தகடுகளை நன்றாகத் துடைத்து அடுக்குவதும், அந்தச் சூட்டைச் சீக்கிரம் கடப்பதும்தான் மருந்து.

முள் விளிம்பும் கோணலும்: உருகிய கண்ணாடி 6 மி.மீ. கனத்தில் நிற்கப் பார்க்கும். 3 மி.மீ. ஒற்றைத் தகட்டை முழுச் சூட்டில் சுட்டால் அது உள்ளே சுருங்கி, ஓரத்தில் ஊசி போல் முள் நிற்கும். 6 மி.மீட்டருக்கு மேல் அடுக்கினால் வெளியே வழியும். 3 மி.மீ. தகடு இரண்டு என்பது இதனால்தான் வழக்கமாயிற்று.

அடியில் வெள்ளைப் பூச்சு: கண்ணாடி பலகையில் ஒட்டாமலிருக்க அலுமினாவும் சீனக்களிமண்ணும் கலந்து பூசுவார்கள். பழைய பூச்சைச் சுரண்டாமல் மறுபடி சுட்டால் அது கண்ணாடியில் பிடித்துக்கொள்ளும். கொஞ்சமாக இருந்தால் வினிகரில் ஊறவைத்துத் தேய்த்து எடுக்கலாம்.

கடையில் செய்யக்கூடிய சோதனை

எல்.சி.டி. கணினித் திரையை முழு வெள்ளையாக வைத்து, போலராய்டு கறுப்புக் கண்ணாடி வழியாகப் பாருங்கள். கண்ணாடியைத் திருகிக்கொண்டே வந்தால் ஒரு நிலையில் திரை இருண்டுவிடும். அந்த நிலையில், திரைக்கும் கறுப்புக் கண்ணாடிக்கும் நடுவே தட்டைப் பிடியுங்கள். ஒளி ஊடுருவும் தட்டில் வண்ண எல்லையைச் சுற்றியோ ஓரங்களிலோ வெளிச்சம் பூத்தால் உள்ளே இழுவிசை இருக்கிறது. தட்டு வெயிலிலோ கைச்சூட்டிலோ காய்ந்திருக்கக் கூடாது. ஒளி புகாத தட்டுக்கு இந்தச் சோதனை பயன்படாது.

கொள்முதலில் கவனிக்க வேண்டியவை

இரு அடுக்கும் ஒத்த கண்ணாடிதானா, எத்தனை மணி நேரம் ஆறவிட்டீர்கள் என்று தயாரிப்பாளரிடம் கேளுங்கள். தொழில் தெரிந்தவர் தயங்காமல் சொல்வார். சரக்கு வந்ததும் இரண்டு வாரம் தனியே வைத்திருந்து பிறகு அலமாரியில் அடுக்குங்கள். வந்த அன்றே பெட்டியைப் பிரித்துப் பார்த்து, அடிபட்ட உடைப்பு இருந்தால் லாரி ஆபீஸ் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். உணவுத் தட்டு என்று சொல்லி விற்பதானால், ஈயமும் காட்மியமும் கசிவதில்லை என்ற பரிசோதனைச் சான்று கேளுங்கள். சில சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் கண்ணாடிகளுக்கு நிறம் தருவதே காட்மியம்தான். சான்று இல்லாததை அலங்காரப் பொருள் என்று சொல்லியே விற்க வேண்டும்.

இந்தச் சரக்கைச் செய்கிறவர்களில் பலர், ஒரே ஒரு சூளையை வைத்துக்கொண்டு பிழைப்பவர்கள். வண்டியில் அடிபட்டதை அவர்கள் கணக்கில் எழுதினால் ஒரு பண்டிகையின் வருமானமே போய்விடும். அவர்கள் ஆறவிடாமல் அனுப்பியதை நாம் சகித்துக்கொண்டால், நாளை ஒரு வாடிக்கையாளர் வீட்டுக் குழந்தையின் கையில் அது உடையும். ஆகவே அடுத்த முறை சேதாரம் வந்தால், சில்லுகளை ஒரு பெட்டியில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். தயாரிப்பாளரும் லாரிக்காரரும் வரும்போது அதை நடுவில் வைத்துப் பேசினால், கணக்கு யார் பெயரில் ஏற வேண்டுமோ அவர் பெயரில் ஏறும்.