மாயா என்று பேர் வைக்கலாமா?

தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே கேளுங்கோ. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் பிள்ளைக்குப் பேர் தேடும் இளம் பெற்றோருக்கு 'மாயா' சட்டென்று பிடித்துப்போகிறது. இரண்டே எழுத்து, சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வாயில் இடறாது. அப்பம்மாதான் முகம் சுளிப்பார். "பொய்த்தோற்றம் எண்டோ பிள்ளைக்குப் பேர் வைக்கிறது?"

அவர் சொல்வது அத்வைதத்தின் மாயை. சைவசித்தாந்தத்தில் மாயை உள்பொருள். குடத்துக்கு மண்போல உடம்புக்கும் உலகத்துக்கும் அதுதான் முதல். ஆணவம், கன்மத்தோடு அதுவும் மும்மலங்களில் ஒன்று என்பதால் அப்பம்மாவுக்கு முழு ஆறுதல் கிடைக்காதுதான். இன்னும் பின்னே போனால், இருக்கு வேதத்தில் மாயா என்பது வருணன் போன்ற தெய்வங்களின் வியத்தகு ஆற்றல். பகைவரிடம் இருந்தால் அதுவே சூழ்ச்சி.

சிங்கள அயலவருக்கோ இந்தப் பேரைக் கேட்டதும் புத்தரின் தாய் மகாமாயாதான் நினைவு. 1932இல் கண்டியில் தொடங்கிய பெண்கள் பாடசாலைக்கு அவர் பேர். ஜப்பானில் கோபே நகருக்குப் பின்னால் நிற்கும் மாயா மலைக்கும் அவர் பேர்தான். இன்னும் கிட்டவே ஒன்று உண்டு. பழைய சிங்கள இராச்சியத்தின் பிரிவுகள் ருகுணு, பிகிட்டி, மாயா என மூன்று. தெதுறு ஓயாவுக்கும் களு கங்கைக்கும் இடையே மேற்குக் கரைவரை கிடந்தது மாயரட்டை. கொட்டாஞ்சேனையும் வெள்ளவத்தையும் அதற்குள் அடக்கம்.

இனி ஒலி மயக்கங்கள். கிரேக்கக் கதையில் மையா, ஏழு சகோதரிகளில் மூத்தவள். அந்தச் சகோதரிகளின் பேரில் வழங்கும் நட்சத்திரக் கூட்டத்தை நாங்கள் கார்த்திகை என்போம். அவள் மகன் ஹெர்மிஸ், ரோமரிடம் மெர்குரி, எங்களுக்குப் புதன் கிரகம். மாயாவின் மகன் புத்தர், மையாவின் மகன் புதன்! பழைய ஐரோப்பிய ஆய்வாளர் சிலர் உடனே முடிச்சுப் போட்டுவிட்டார்கள். அழகான முடிச்சு, ஆனால் நிற்காது. புத்தர் வேறு, புதன் வேறு. கிரேக்கச் சொல்லுக்குத் தாய், செவிலி என்று தனிப்பொருள்.

எங்கள் ஆட்களும் சளைத்தவர்களல்ல. மயன் மண்டோதரியின் தகப்பன், இராவணனின் மாமன், பெரிய சிற்பி. மத்திய அமெரிக்காவில் மாயர் பிரமிட் கட்டினார்கள். ஆகவே மயன்தான் மாயர்! கலியாண வீட்டுப் பந்தியில் இதற்கு மறுப்புச் சொன்னால் பாயாசம் வராது. யுகடான் குடாநாட்டு மக்களுக்கோ 'மாயா' தங்கள் மொழியின் பேர், அவ்வளவுதான். இலங்கையிலிருந்து யாரும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.

இஸ்ரேலில் இதே பேரை நீரைக் குறிக்கும் 'மயிம்' என்ற சொல்லோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். எனக்குப் பிடித்தது அமெரிக்க எழுத்தாளர் மாயா ஏஞ்சலோவின் கதை. 1928இல் பிறந்தபோது அவர் பேர் மார்கரிட். அண்ணன் 'என் தங்கச்சி' என்று ஆங்கிலத்தில் மழலையாகக் கூப்பிட்டதில் விழுந்த ஒலிதான் மாயா.

கடவுச்சீட்டுக்கு எழுதும்போது மட்டும் ஆங்கில எழுத்தைக் கவனியுங்கோ. நடுவில் 'வை' போட்டால் மகாமாயாவும் மாயரும் சேர்ந்தே வருவார்கள். 'ஐ' போட்டால் கிரேக்கத்தாள். நியூசிலாந்தின் மவோரி மொழியில் அந்த எழுத்துகளுக்குத் துணிவு என்று பொருள்.