ஆகாயத்தில் ஒரு தூக்கம்!

கி.ரா. பிறந்த இடைசெவலில், வேப்பமர நிழலில் கயித்துக் கட்டிலைப் போட்டால் அஞ்சாவது நிமிஷம் குறட்டை! அதே ஆசாமியை ஆபீஸ் லண்டனுக்கு அனுப்பட்டும்... சென்னையிலிருந்து பத்து மணி நேரத்துக்கு மேல் கொட்டக் கொட்ட முழிப்பு!

விமானத்துக்குள் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவிகிதத்துக்கும் கீழே. சித்திரையில் வெடித்துக் கிடக்கும் கரிசல்காடே தேவலை! தொண்டை வறளும், கண் எரியும். காற்றழுத்தமோ 6,000 - 8,000 அடி உயரத்தில், அதாவது கொடைக்கானலில் இருக்கிற மாதிரி. வயிற்று வாயு விரியும். கிளம்புமுன் மொச்சைப்பயறை ஒரு கை பார்க்காதீர்கள். பக்கத்து சீட்காரர் பாவம்!

தண்ணீர் அடிக்கடி குடிக்கலாம். 'தண்ணி' வேண்டாம், ஓசியில் கிடைத்தாலும்! தூங்க வைக்கிற மாதிரி வைத்து, பாதியில் எழுப்பி விட்டுடும்.

ஜன்னல் சீட் என்றால் சாய்ந்துகொள்ளச் சுவர் உண்டு. போர்வைக்கு மேலே பெல்ட் போடுங்கள். செக் பண்ண வருகிறவர் தட்டி எழுப்ப மாட்டார்.

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட்டு கூடாது. மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்தால் கெண்டைக்கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையலாம். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. தூக்க மாத்திரை போட்டுக் கட்டையாகக் கிடப்பது அதனால்தான் தப்பு. முழிப்பு வரும்போதெல்லாம் பாதத்தை ஆட்டுங்கள், எழுந்து ஒரு நடை போங்கள். ஊர் போய்ச் சேர்ந்த பிறகு ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், 'பிரயாண அலுப்பு' என்று தைலம் தேய்க்காமல் டாக்டரிடம் ஓடுங்கள்.

கோவில்பட்டி கடலைமிட்டாயா? தாராளமா கொண்டு போங்க சார்! விமானம் இறங்கும்போது ஒரு துண்டை மென்று விழுங்கினால் காதடைப்பு விடும்.