இறக்கும் மேடை கற்பித்த பாடம்

அமெரிக்க நாட்டில் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று, பால் பாத்திரங்களை யார் முதலில் இறக்குவது என்ற பூசலால் உடைந்துபோகும் நிலையை எய்தியது. பால் நிலையம் ஒரு சரிவில் இருந்தது. மேட்டிலிருந்து இறங்கி வருவோர் முதலுரிமை தமக்கே என்றனர்; பள்ளத்திலிருந்து ஏறி வருவோரும் அவ்வாறே வாதிட்டனர். இறுதியில், இணக்கம் காண்பதில் பழகிய ஒருவரின் யோசனை கேட்கப்பட்டது. மேடையின் இடத்தை மாற்றினால் இரு சாராரும் ஒரே வேளையில் இறக்கலாம் என்பதே அவ்யோசனை. இரு சாராரும் மனமுவந்து இசைந்தனர்.

இதனை 1925-ஆம் ஆண்டுச் சொற்பொழிவொன்றில் எடுத்துரைத்தவர் மேரி பார்க்கர் ஃபாலெட் அம்மையார் (1868–1933). பாஸ்டன் நகரில் சமூக நிலையங்களை வளர்த்தும், குறைந்தபட்சக் கூலி நிர்ணயப் பணியில் ஈடுபட்டும் பெற்ற அனுபவத்தையே அவர் ஆராய்ச்சிக்கு மூலதனமாக்கினார்.

பூசல் தீர மூன்று வழிகள் உண்டு என்பது அவர் கண்ட முடிவு. வலியவர் மெலியவரை அடக்குதல் ஒன்று. ஆளுக்குச் சிறிது விட்டுக்கொடுத்தல் மற்றொன்று. இதில் இருவர்க்கும் மனக்குறை எஞ்சுவதால் பூசல் வேறு உருவில் மீளும். இருவர் விருப்பமும் நிறைவேறும் புதுவழி காண்பது மூன்றாவது. ஹார்வர்டு சட்டப் பேராசிரியர் ரோஜர் ஃபிஷரும் வில்லியம் யூரியும் 1981-இல் வெளியிட்ட ‘கெட்டிங் டு யெஸ்’ என்னும் நூலும், கோரிக்கையோடு நின்றுவிடாது அதன் பின்னுள்ள தேவையை ஆராயுமாறு வலியுறுத்துகிறது. இவ்வாறு களத்தில் கிடைத்த அறிவு ஏட்டில் ஏறி, மீண்டும் களத்திற்கே திரும்புகிறது.

நம் சங்கங்களுக்கும் இது பொருந்தும். நெசவாளர் கூலி உயர்வு கோருவர். நிர்வாகம் நிதியில்லை என்னும். தீர விசாரித்தால், நூல் தாமதத்தால் தறி ஓயும் நாட்களே குறையின் வேராக இருக்கலாம். அவ்வாறாயின், நூல் வழங்கும் நாளை ஒழுங்குசெய்வது இரு சாராருக்கும் நலம் பயக்கும். கூலியே குறைவெனில் அதை மழுப்புதல் முறையன்று. எல்லாப் பூசலும் இவ்வழியில் தீரும் என்று அம்மையாரும் கூறவில்லை; பூர்விக வீட்டில் வாழ இரு மைந்தரும் விரும்பினால், இருவர் எண்ணமும் நிறைவேறாது என்று அவரே ஒப்புக்கொண்டார்.

ஆதலின் நாம் வேண்டுவது ஒன்றே. தீர்மானப் புத்தகத்தில் முடிவை மட்டும் எழுதி அமையாது, யார் எதை எதன்பொருட்டுக் கேட்டார், எவ்வழி பலித்தது, எது பலிக்கவில்லை என்பதையும் குறித்து வையுங்கள். அடுத்த பூசலைத் தீர்க்க வருவோருக்கு அதுவே ஆராய்ச்சி நூலாகும்.