மல்யுத்த நிகழ்பட விளையாட்டுகளில் நிகழ்ச்சி மேலாண்மை

தொழில்முறை மல்யுத்த நிகழ்பட விளையாட்டுகள் பெரும்பாலும் ஒரு வீரரைத் தேர்ந்தெடுத்து, ரிங்கில் இறங்கி, எதிராளியை வீழ்த்துவதாகவே அமைந்தவை. அவற்றுள் சிலவற்றில் இன்னொரு முறையும் உண்டு. அதில் விளையாடுபவர் சண்டையிட வேண்டியதில்லை. யார் யாரோடு மோதுவது, எவர் வெல்வது, எந்தச் சண்டை எத்தனையாவதாக வருவது, யாருக்கு எவ்வளவு சம்பளம் என்பனவற்றை முடிவுசெய்து வாரந்தோறும் நிகழ்ச்சியை நடத்த வேண்டும். இதனை ஜெனரல் மேனேஜர் மோட், சுருக்கமாக ஜி.எம். மோட் என்பர். நிகழ்ச்சியைத் திட்டமிடும் வேலைக்கு மல்யுத்த வட்டாரத்தில் 'புக்கிங்' என்று பெயர். அதைச் செய்பவர் 'புக்கர்'.

புக்கிங் என்பது என்ன?

தொழில்முறை மல்யுத்தத்தில் வெற்றி தோல்வி முன்கூட்டியே தீர்மானிக்கப்படுகிறது. வீரர்கள் கீழே விழுவதும் வலிப்பதும் உண்மை. யார் வெல்வார் என்பது மட்டும் எழுதி வைத்தது. நெடுங்காலம் இது தொழில் இரகசியமாகக் காக்கப்பட்டது. 1989இல் அமெரிக்காவின் நியூ செர்சி மாநிலச் செனட்டில், இவை போட்டிகளல்ல, பொழுதுபோக்குக் காட்சிகளே என்று அன்றைய டபிள்யூ.டபிள்யூ.எஃப். நிறுவனமே எடுத்துரைத்தது. விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்து விலக்குப் பெறுவதே அதன் நோக்கம்.

நம் ஊர்ப் பிள்ளைகள் 1990களில் டிரம்ப் கார்டு வைத்து விளையாடியபோது, அட்டையில் அச்சிட்டிருந்த உயரம், எடை, வென்ற சண்டைகளின் எண்ணிக்கை ஆகியவற்றை உண்மையான சாதனைகளாகவே எடுத்துக்கொண்டனர். வகுப்பில் நான் பறிமுதல் செய்த கட்டுகளே பல. அந்த 'வென்ற சண்டைகள்' வீரரின் வலிமையைக் காட்டவில்லை, அவர்மீது புக்கர் வைத்திருந்த நம்பிக்கையைக் காட்டின என்பது அப்போது எனக்கும் தெரியாது.

புக்கரின் அகராதியில் சில சொற்கள் இன்றியமையாதவை. இரசிகர் ஆதரிக்கும் நல்லவர் 'ஃபேஸ்'. வெறுக்கும் கெட்டவர் 'ஹீல்'. ஒருவர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாறுவது 'டர்ன்'. மைக்கைப் பிடித்து எதிராளியை வம்புக்கு இழுக்கும் பேச்சு 'புரோமோ'. ஒருவரைத் தொடர்ந்து வெல்லவைத்து மேலே கொண்டுவருவது 'புஷ்'. அந்த வெற்றிகளுக்காக யாரோ தோற்க வேண்டும். அவ்வாறு தோற்றுக்கொடுப்பதும் திறமை தேவைப்படும் ஒரு வேலை.

ஓர் எடுத்துக்காட்டு

புக்கிங்கின் பயனை விளக்க 1987 மார்ச் 29 அன்று மிச்சிகன் மாநிலம் பாண்டியாக்கில் நடந்த மூன்றாம் ரெசில்மேனியா போதும். அதன் இறுதிச் சண்டை ஹல்க் ஹோகனுக்கும் ஆந்த்ரே த ஜயன்ட்டுக்கும் நடந்தது. இருவரும் அதுவரை நண்பர்களாகக் காட்டப்பட்டவர்கள். சில வாரங்களுக்கு முன் தொலைக்காட்சியில் ஒரு நேர்காணல் பகுதியில், ஆந்த்ரே, கெட்டவர்களின் மேலாளரான பாபி ஹீனனுடன் வந்து நின்று ஹோகனைச் சவாலுக்கு அழைத்தார். ஓர் அடிகூட விழுவதற்கு முன்பே அரங்கச் சீட்டுகளுக்கு வேலை நடந்துவிட்டது. நிறுவனம் அறிவித்த வருகை 93,173 பேர். அந்த எண் மிகைப்படுத்தப்பட்டது என்பாரும் உளர்.

ஆந்த்ரேயின் முதுகு அப்போதே மிக மோசமான நிலையில் இருந்தது. சண்டை மெதுவாகவே நகர்ந்தது. ஆனால் ஹோகன் அவரைத் தூக்கி அடித்த அந்த ஒரு கணம் இன்றும் நினைவில் நிற்கிறது. அதே இரவில் ராண்டி சாவேஜும் ரிக்கி ஸ்டீம்போட்டும் மோதிய சண்டை, நுணுக்கத்தில் மிகச் சிறந்தவற்றுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. ஒரே மேடையில் ஒன்று கதையால் நின்றது. மற்றொன்று கதையோடு திறமையாலும் நின்றது. மேலாண்மை விளையாட்டை உருவாக்குவோர் முன்னுள்ள சிக்கல் இதுதான்: இவ்விரண்டுக்கும் எப்படி மதிப்பெண் போடுவது?

வரலாறு

டபிள்யூ.சி.டபிள்யூ. என்ற போட்டி நிறுவனத்தை 2001இல் வாங்கிய டபிள்யூ.டபிள்யூ.எஃப்., மிகுந்துபோன வீரர்களை 2002இல் 'ரா', 'ஸ்மாக்டவுன்' என இரு அணிகளாகப் பிரித்தது. ஒவ்வொன்றுக்கும் திரையில் ஒரு பொது மேலாளர் பாத்திரம் வந்தது. ஜி.எம். மோடின் விதை இங்கேயே விழுந்தது.

சப்பானின் யூக்ஸ் நிறுவனம் உருவாக்கி டி.எச்.கியூ. வெளியிட்ட 'ஸ்மாக்டவுன் வெர்சஸ் ரா 2006', 2005 நவம்பரில் பிளேஸ்டேசன் 2இல் வந்தது. அதில்தான் இத்தொடரில் முதன்முறையாக ஜி.எம். மோட் சேர்ந்தது. விளையாடுபவர் ஓர் அணியை ஏற்று, வீரர்களைத் தேர்ந்து, ஒப்பந்தம் செய்து, வாரம் ஒரு நிகழ்ச்சியும் அவ்வப்போது கட்டணக் காட்சியும் நடத்தி, ரெசில்மேனியா முடிவில் சிறந்த மேலாளர் விருதுக்குப் போட்டியிட வேண்டும். சண்டைகளைத் தாமே விளையாடலாம், கணினியிடமும் விட்டுவிடலாம். 2007 பதிப்பிலும் இது தொடர்ந்தது. 2008 பதிப்பில் வீரர் பாதையோடு இணைக்கப்பட்டு '24/7' என்ற பெயரில் வந்தது. 2009 பதிப்பில் அடியோடு நீக்கப்பட்டது.

பின்னர் 'ஸ்மாக்டவுன் வெர்சஸ் ரா 2011' இல் 'யுனிவர்ஸ்' என்ற முறை வந்தது. அது நாட்காட்டியைத் தானே நிரப்பிச் சண்டைகளை அடுக்கும், விரும்பினால் மாற்றிக்கொள்ளலாம். பணமோ போட்டி மேலாளரோ அதில் இல்லை. எனவே தோற்கவும் வழியில்லை. இரசிகர் பலர் நிறைவடையாமல் ஆண்டுதோறும் பழைய முறையைத் திரும்பக் கேட்டதன் காரணம் இதுவே எனத் தோன்றுகிறது. 2019இல் வந்த 2கே20 பிழைகள் மலிந்து பெயர் கெட்டது, 2கே21 கைவிடப்பட்டது. இடைவெளி விட்டு 2022 மார்ச்சில் வந்த 2கே22இல் 'மை ஜி.எம்.' என்ற பெயரில் அது மீண்டது. 2கே23இல் நால்வர் வரை சேர்ந்து ஆட வழி செய்யப்பட்டது. இடைநிலைப் பட்டங்களும் சேர்ந்தன. 2கே25இல் இணையவழி விளையாடும் வசதி வந்தது.

ஒரு வாரத்தைத் தொகுத்தல்

2கே22இன் மை ஜி.எம். முறையையே இங்கு அடிப்படையாகக் கொள்ளலாம், எளிமையானது அதுவே. முதலில் மேலாளர், அணி, பருவத்தின் நீளம் ஆகியவற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பருவம் 15, 25, 50 வாரங்கள் என மூன்று அளவுகளில் உண்டு. பிறகு போட்டி மேலாளருடன் மாறி மாறி வீரர்களைத் தேர்வு செய்ய வேண்டும். கையிருப்புப் பணம் முழுவதையும் இரு பெரிய பெயர்களில் கொட்டிவிட்டுப் பின்னர் ஆளின்றித் தவிப்பது புதியவர் செய்யும் முதல் தவறு.

வார நிகழ்ச்சி ஒன்றில் மூன்று சண்டைகளும் இரண்டு புரோமோக்களும் இடம்பெறும். வீரர்கள் ஐந்து வகையினர்: ஃபைட்டர், புரூசர், குரூசர், ஜயன்ட், ஸ்பெசலிஸ்ட். ஃபைட்டருக்கு புரூசரும், ஜயன்ட்டுக்கு குரூசரும் நல்ல இணை. பூதாகரமான ஒருவரைச் சுற்றிச் சுற்றி ஓடும் சிறிய உருவத்தைப் பார்க்கக் கூட்டத்துக்குப் பிடிக்கும் என்ற பட்டறிவுதான் இங்கே விதியாகியிருக்கிறது. ஒருவர் ஃபேஸ், மற்றவர் ஹீல் என்று அமைவதும் மதிப்பெண்ணைக் கூட்டும்.

இவற்றைவிடப் பெரிது பகை. ஒரு வீரரைக் கொண்டு இன்னொருவரைப் புரோமோவில் சவாலுக்கு அழைக்கவைத்தால் பகை தொடங்குகிறது. அவர்களை மோதவிடுவதும் மீண்டும் பேசவைப்பதும் அதை நான்கு நிலைகள் வரை உயர்த்தும். உயர்ந்த பகையைச் சிறப்பு நிகழ்ச்சியில் பெரிய சண்டையாக முடிக்க வேண்டும். சிறப்பு நிகழ்ச்சிக்கு நான்கு வாரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரம் கெட்டவர் பேசட்டும். இரண்டாம் வாரம் நல்லவர் வேறு ஒருவரை வெல்லட்டும். மூன்றாம் வாரம் இருவரும் எதிரெதிர் அணியில் இரட்டையர் சண்டையில் நிற்கட்டும். அங்கே கெட்டவர் பக்கம் வெல்லட்டும். நான்காம் வாரம் ஒருவரையொருவர் தொடவிடாமல் பேச்சோடு நிறுத்த வேண்டும். அந்த வாரமே மோதவிட்டுவிட்டால் மதிப்பெண் வரும்; ஆனால் சிறப்பு நிகழ்ச்சிக்குச் சோர்ந்துபோன இருவரே மிஞ்சுவர்.

ஏனெனில் ஒவ்வொரு சண்டையும் வீரரின் உடற்திறனைக் குறைக்கிறது. ஏணி, மேசை, கூண்டு போன்ற சண்டைகள் இன்னும் கூடுதலாகக் குறைக்கும். பணமும் கூடுதலாகக் கேட்கும். சோர்ந்தவரைத் தொடர்ந்து இறக்கினால் காயமடைந்து பல வாரம் வெளியே இருப்பார். தோற்றுக்கொண்டே இருப்பவரின் மனநிலை சரியும். எனவே ஒருவருக்கு ஓய்வு கொடுக்கும் வாரத்தில் அவரை வைத்து ஒரு புரோமோ போடுவது சிக்கனமான வழி. அரங்கம், விளம்பரம், ஒளி விளைவுகள், பணியாளர் எனச் செலவினங்களும் உண்டு. சிறிய அரங்கத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏறுவதே நல்லது.

வரிசை முறை தனிக் கலை. வலிமையான ஒன்று தொடக்கத்தில், மிக வலிமையானது கடைசியில், நடுவில் மூச்சு வாங்க ஓர் இளைப்பு என்பது மல்யுத்தத்தில் பொது வழக்கு. பள்ளி ஆண்டு விழாவுக்கு நிகழ்ச்சி நிரல் போட்டவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மழலையர் நடனத்தை முதலில் வைத்துவிட்டால், தம் பிள்ளை ஆடி முடித்ததும் பாதிப் பெற்றோர் எழுந்து போய்விடுவர்; பிறகு தலைமையாசிரியர் அறிக்கையை நாற்காலிகளுக்குத்தான் வாசிக்க வேண்டும்.

எழுத்து வடிவ விளையாட்டுகள்

படமும் ஒலியும் இன்றி, பட்டியல்களும் எண்களுமாகவே அமைந்த மேலாண்மை விளையாட்டுகள் வேறொரு மரபு. இதில் முதன்மையானவர் பிரித்தானியரான ஆடம் ரைலண்ட். அவருடைய 'எக்ஸ்ட்ரீம் வார்ஃபேர் ரிவெஞ்ச்' 2000களின் தொடக்கத்தில் இலவசமாகப் பரவியது. அதன் வழிவந்த 'டோட்டல் எக்ஸ்ட்ரீம் ரெசிலிங்' தொடர் விலைக்கு விற்கப்படுவது. ஆயினும் அதன் 2005ஆம் ஆண்டுப் பதிப்பு பின்னர் இலவசமாக விடப்பட்டது. உரிமச் சிக்கல் காரணமாக இத்தொடரில் உண்மை வீரர்கள் இல்லை. 'கார்னல்வர்ஸ்' எனப்படும் முழுக் கற்பனை உலகம் ஒன்று உண்டு. உண்மை வீரர்களைக் கொண்ட தரவுத் தொகுப்புகளை இரசிகர்களே உழைத்து உருவாக்கிப் பகிர்கின்றனர்.

ஆழத்தில் இதற்கு இணை இல்லை. ஒரு வீரரின் புகழ் நாடு முழுவதும் ஒன்றாக இராது; பகுதிக்குப் பகுதி மாறும். இருவருக்கிடையே காரணமின்றியே நல்ல பொருத்தமோ பொருந்தாமையோ இருக்கலாம். சண்டைக்கு அனுப்பிப் பார்த்தால்தான் தெரியும். ஒப்பந்தத்தில் கதை உரிமை பெற்ற நட்சத்திரம் தோற்க மறுக்கலாம். மேலே கேட்ட கேள்விக்கும் இது ஒரு விடை வைத்திருக்கிறது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு 'பாணி' வரையறுக்கப்படுகிறது. சில நிறுவனங்களின் கூட்டம் புகழையும் கதையையும் எடைபோடும். சிலவற்றின் கூட்டம் திறமையை எடைபோடும். ஹோகன்–ஆந்த்ரே சண்டை முதல் வகை நிறுவனத்தில் உச்சம் தொடும். இரண்டாம் வகையில் கவிழ்ந்துவிடும். மை ஜி.எம். முறையின் ஐந்து வகைப் பொருத்தத்தைவிட இது நேர்மையான விடை என்பது என் கருத்து. முழுக்க ஆங்கில வாசிப்பு என்பதால் பொறுமை வேண்டும். ஆங்கிலப் பாடநூலைத் தொடாத பையன்கள் இதனைப் பக்கம் பக்கமாகப் படிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

விளையாட்டில் இல்லாதவை

இவ்விளையாட்டுகளில் களைப்பு என்பது ஒரு பட்டை. ஓய்வு கொடுத்தால் நிரம்பிவிடும். வேண்டாதவரை ஒரு பொத்தானில் விடுவித்துவிடலாம். உண்மையில் டபிள்யூ.டபிள்யூ.ஈ. வீரர்கள் ஊழியர்களாக அன்றி, தனி ஒப்பந்ததாரர்களாகவே வகைப்படுத்தப்பட்டு வந்துள்ளனர். அவர்களுக்குத் தொழிற்சங்கம் இல்லை. 1999 மே 23 அன்று கன்சாசு நகரில் நடந்த கட்டணக் காட்சியில், ஓவன் ஹார்ட் என்னும் வீரர் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கும் நுழைவுக் காட்சிக்காக மேலே ஏற்றப்பட்டு, ரிங்கினுள் விழுந்து இறந்தார். அந்த நுழைவும் ஒருவர் திட்டமிட்ட நிகழ்ச்சிப் பகுதிதான். அன்றிரவு மீதமுள்ள சண்டைகள் நிறுத்தப்படாமல் நடத்தப்பட்டன. அந்த முடிவு சரியா என்பது இன்றும் விவாதிக்கப்படுகிறது. எந்த ஜி.எம். மோடும் விளையாடுபவரிடம் அப்படியொரு கேள்வியைக் கேட்பதில்லை.

தொடங்குவோருக்கு

முதன்முறை விளையாடுவோர் 15 வாரப் பருவத்தையே எடுக்கலாம்; 50 வாரப் பருவத்தில் பாதியிலேயே கைப்பணம் தீர்ந்துவிட வாய்ப்புண்டு. ஒரே நேரத்தில் இரண்டு பகைகளுக்கு மேல் வளர்க்க வேண்டாம். கணினியை எதிர்த்து ஆடுவதைவிட, வீட்டில் இன்னொருவர் மற்ற அணியை எடுத்துக்கொண்டால் சுவை கூடும். அப்போது வீரர் தேர்வின்போது திரையைப் பார்ப்பதோடு எதிரில் இருப்பவர் முகத்தையும் பார்க்க வேண்டும். அவர் யாருக்காகக் காத்திருக்கிறார் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.