குருதிக் குறிகளும் இறப்பின் காரணங்களும்

கொரோனாத் தொற்றினால் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டோருள் எவர் இறக்கும் அபாயத்தில் உள்ளனர் என்பதை முற்கூட்டியே அறியும் முயற்சி 2020ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே ஆரம்பமாயிற்று. அம்முயற்சியிற் குருதிப் பரிசோதனை முக்கிய இடம் பெற்றது. அப்பரிசோதனை கூறுவது யாது, கூறாது விடுவது யாது என்னும் இரு வினாக்களையும் ஒருங்கே நோக்குதல் அவசியமாகும்.

நோய் முற்றும்போது உடலில் நிகழும் மாற்றங்கள் பல குருதியிற் பதிவாகின்றன. அழற்சி மிகும்போது ஈரல் சி-எதிர்வினைப் புரதத்தைப் பெருமளவிற் சுரக்கின்றது. குருதிக் குழாய்களில் உறைவு தோன்றிக் கரையுமிடத்து டி-டைமர் எனும் புரதத் துணுக்கு அதிகரிக்கின்றது. சிறுநீரகம் தளர்வுறின் யூரியா உயர்கின்றது. வூகான் நகரின் இரு வைத்தியசாலைகளைச் சேர்ந்த 191 நோயாளர் பற்றிய ஆய்வொன்று 2020 மார்ச்சில் வெளிவந்தது. அவர்களுள் 54 பேர் இறந்திருந்தனர். முதுமையோடு, அனுமதியின்போது டி-டைமர் மில்லிலீற்றருக்கு 1 மைக்கிரோகிராமுக்கு மேற்பட்டிருத்தலும் இறப்புடன் தொடர்புடையதென அவ்வாய்வு காட்டிற்று.

எனினும் தனியொரு குறியைக் கொண்டு முடிவுகட்டுதல் பொருந்தாது. பிரித்தானிய வைத்தியசாலைத் தரவுகளை அடிப்படையாகக் கொண்டு 2020 செப்ரெம்பரில் வெளியான 4சி அளவுகோல் வயது, பால், பிற நோய்கள், சுவாச வேகம், ஒட்சிசன் செறிவு, உணர்வுநிலை, யூரியா, சி-எதிர்வினைப் புரதம் ஆகிய எட்டையும் ஒன்றுசேர்த்தது. மொத்தம் 21 புள்ளிகளுள் வயதுக்கு 7 வரை உண்டு. யூரியாவுக்கு 3, சி-எதிர்வினைப் புரதத்துக்கு 2. மூன்றும் அதற்குக் குறைவாகவும் பெற்றோருள் இறந்தோர் ஏறத்தாழ 1 வீதத்தினர். 15உம் அதற்கு மேலும் பெற்றோருள் 60 வீதத்துக்கும் அதிகமானோர்.

மேலும், குறி வேறு, காரணம் வேறு. டி-டைமர் உயர்வு உறைவைச் சுட்டுவதால், உறைவெதிர் மருந்தாகிய ஹெப்பாரினை மிகுதியாக வழங்கினால் இறப்புக் குறையுமெனப் பலர் எதிர்பார்த்தனர். 2021இல் வெளிவந்த பன்னாட்டுப் பரிசோதனைகளில், கடும் நோயுற்றோருக்கு அதனாற் பயன் விளையவில்லை. அந்நிலையை எட்டாதோர் பெற்ற பயனும் டி-டைமர் அளவைச் சார்ந்திருக்கவில்லை. மறுபுறம், பிரித்தானியாவின் ரிக்கவரி ஆய்வில், ஒட்சிசன் குறைந்து, சி-எதிர்வினைப் புரதம் லீற்றருக்கு 75 மில்லிகிராமோ அதற்கு மேலோ கொண்டிருந்தோருள், வழமையான சிகிச்சை மட்டும் பெற்றோரில் 35 வீதத்தினரும், டொசிலிசுமாப் மருந்தும் பெற்றோரில் 31 வீதத்தினரும் 28 நாள்களுள் இறந்தனர். ஆயின் இம்மருந்து விலையுயர்ந்தது. 2021 யூலையில் இதன் வகை மருந்துகளைப் பரிந்துரைத்த உலக சுகாதார நிறுவனம், விலையைக் குறைக்குமாறு உற்பத்தியாளரைக் கோரவும் நேர்ந்தது. குறி இனங்காட்டிய நோயாளிக்கு மருந்து கிட்டுமா என்பதைச் சந்தையே தீர்மானித்தது.

இவ்வாய்வுகள் யாவும் வைத்தியசாலையின் வாயிலைக் கடந்தோர் பற்றியவை என்பது மனங்கொள்ளத்தக்கது. வாயிலுக்கு வெளியே நிலைமை யாது? இங்கிலாந்தில் 2020 மார்ச் 1 முதல் ஏப்பிரல் 17 வரை, வயது வேறுபாட்டைச் சீர்செய்து கணித்த கொரோனா இறப்பு வீதம், மிக வறிய பகுதிகளில் இலட்சத்துக்கு 55.1, வறுமை மிகக் குறைந்த பகுதிகளில் 25.3. நெருக்கடியான இருப்பிடம், வீட்டிலிருந்து செய்யவியலாத தொழில், முன்னரே உடலை நலிவுறுத்திய நோய்கள் முதலியவற்றுக்குப் பரிசோதனைத் தாளில் இடமில்லை.

குருதிக் குறிகளைப் புறக்கணிக்க வேண்டும் என்பதன்று எமது வாதம். எவருக்கு முதலிற் கவனிப்பு வேண்டும் எனத் தீர்மானிக்க அவை மருத்துவருக்கு உதவுகின்றன. ஆனால் அவற்றை இறப்பின் முழு விளக்கமாகக் கொள்வோமாயின், மனிதரால் மாற்றத்தக்க சமூக நிலைமைகள் மாற்றவியலாத இயற்கையாகத் தோற்றமளிக்கும். அத்தோற்றத்தைக் களைவது சமூக ஆய்வாளரின் பணியாகும்.