பெரியமேட்டுக் கிடங்கும் திமிரி நஞ்சையும்: உயிலுக்கு நடுவே ஓடிய எல்லைக்கோடு

திமிரியில் கொஞ்சம் நஞ்சை, சென்னை பெரியமேட்டில் ஒரு தோல் கிடங்கு. இரண்டையும் ஓர் இந்துத் தந்தை ஒரே உயிலில் மகளுக்கு எழுதிவைத்துவிட்டு இறந்துபோகிறார் என்று வைத்துக்கொள்வோம். 2025 டிசம்பர் வரை அந்த ஒரு காகிதத்துக்குச் சட்டத்தில் இரண்டு மதிப்பு இருந்தது. திமிரி நிலத்தில் தகராறு வந்தால், உயிலை அந்த வழக்கிலேயே காட்டி மகள் தன் உரிமையை நிரூபிக்கலாம். பெரியமேட்டுக் கிடங்குக்கு அது நடக்காது. முதலில் தனியாக மனு போட்டுப் புரோபேட் போன்ற நீதிமன்ற ஆணை வாங்கி வர வேண்டும்.

புரோபேட் என்பது, உயில் உண்மையானது, முறைப்படி எழுதிச் சாட்சிகள் கையெழுத்திட்டது என்று நீதிமன்றம் முத்திரையிட்டு, உயிலின் நகலோடு தரும் சான்று. அதைத் தாண்டி எதையும் அது சொல்லாது. சொத்து இறந்தவருக்குத்தான் சொந்தமா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் அங்கே போவதில்லை. அதற்கு வேறு வழக்குத்தான். புரோபேட் கிடைத்துவிட்டால் சொத்தே கைக்கு வந்துவிட்டது என்று நம்பி ஏமாந்த குடும்பங்கள் நிறைய.

ஒரே உயிலுக்கு இரண்டு நியாயம் எப்படி வந்தது? 1726ஆம் ஆண்டுச் சாசனத்தின்படி சென்னையில் அமைந்த மேயர் நீதிமன்றத்துக்குப் புரோபேட் வழங்கும் அதிகாரம் கிடைத்தது. 1870இல் வந்த இந்து உயில்கள் சட்டம் வங்காளப் பகுதிக்கும், சென்னை, பம்பாய் நகரங்களுக்கும் மட்டும் இந்த ஏற்பாட்டை விரித்தது. 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் அந்தக் கோட்டை அப்படியே எடுத்துக்கொண்டது. உயர் நீதிமன்றத்தின் அசல் அதிகார எல்லைக்குள் எழுதிய உயில், அல்லது அந்த எல்லைக்குள் இருக்கும் அசையாச் சொத்து என்றால் 213ஆம் பிரிவு குறுக்கே நின்றது. திமிரி கோட்டுக்கு வெளியே, பெரியமேடு உள்ளே.

கோடு ஊரை மட்டும் பிரிக்கவில்லை. முஸ்லிம்களின் உயிலுக்கு 213ஆம் பிரிவு பொருந்தவே இல்லை. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் தோல் வணிகக் குடும்பங்கள் பல முஸ்லிம் குடும்பங்கள். வாரிசுகளின் சம்மதமின்றி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது என்ற வரம்பு அவர்களுக்கு உண்டு. கட்டாயப் புரோபேட் கிடையாது. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 2002இல் விலக்கு வந்தது. ஆக, ஒரே தெருவில் அடுத்தடுத்த மூன்று கிடங்குகளில் இந்துக் குடும்பத்தின் கிடங்குக்கு மட்டும் இந்தத் தடை. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய நீக்கல் மற்றும் திருத்தச் சட்டம் 213ஆம் பிரிவையே எடுத்துவிட்டது. எப்போதோ செய்திருக்க வேண்டிய வேலை.

கட்டாயம்தான் போனது, புரோபேட் போகவில்லை. வாரிசுகளுக்குள் பேச்சுவார்த்தை முறிந்த வீடுகளில் இப்போதும் அதை வாங்கிவைப்பதே நல்லது என்பேன். நியூயார்க் மாநிலத்தில் இதற்கென்றே சரகேட் நீதிமன்றம் இருக்கிறது. இங்கிலாந்தில் திருச்சபை நீதிமன்றங்களிடமிருந்த இந்தப் பொறுப்பு 1857ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசு நீதிமன்றத்துக்கு வந்தது. நம்மிடம் தனி நீதிமன்றம் இல்லை. மாவட்ட நீதிபதியும், அவருக்கு இணையான அதிகாரத்தோடு உயர் நீதிமன்றமும் இந்த மனுக்களை விசாரிக்கிறார்கள். இறந்தவர் குடியிருந்த ஊரோ, சொத்து இருக்கும் ஊரோ எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அங்கே போடலாம். உயிலில் நிறைவேற்றுநர் என்று ஒருவரைக் குறித்திருந்தால் அவருக்குத்தான் புரோபேட். குறிக்காவிட்டால் சொத்தைப் பெறுபவர் உயிலை இணைத்து நிர்வாக உரிமை ஆணை கேட்க வேண்டும். இறந்து ஏழு நாள் ஆகாமல் புரோபேட்டும், பதினான்கு நாள் ஆகாமல் நிர்வாக ஆணையும் தர மாட்டார்கள். யாராவது ஆட்சேபித்தால் மனு முழு உரிமையியல் வழக்காக மாறிவிடும்; அப்போது ஆண்டுகள் ஓடும்.

எனக்குக் கவலை வேறு இடத்தில். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டால் உயிலை யாரும் அசைக்க முடியாது என்று ஊரில் நம்புகிறார்கள். பதிவு கட்டாயமே இல்லை. பதிந்த உயிலும் நீதிமன்றத்தில் தோற்றிருக்கிறது. தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழும் வாரிசுகள் யார் யார் என்று சொல்லுமே தவிர, உயிலை ரத்து செய்யாது. வழக்கில் நிற்பது சாட்சி. இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டிருக்க வேண்டும்; அவர்களில் ஒருவராவது, உயிரோடு இருந்தால், கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். பயன் பெறும் மகனே முன்னின்று உயில் எழுதவைத்திருந்தால் அந்தச் சந்தேகத்தை அவர்தான் போக்க வேண்டும் என்று 1958இல் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

எண்பது வயதுக்காரர் உயில் எழுதும்போது தன் வயதுடைய நண்பர்களையே சாட்சிக்கு அழைக்கிறார். சில ஆண்டுகளில் மூவரும் இல்லை. பிறகு இறந்த சாட்சியின் கையெழுத்தையும் எழுதியவரின் கையெழுத்தையும் அடையாளம் காட்ட ஆள் தேடி அலைய வேண்டியிருக்கிறது. எழுதுபவரைவிட வயதில் இளையவர்களாக, சொத்தில் பங்கில்லாதவர்களாக, முகவரியோடு இரண்டு பேர் கையெழுத்திடட்டும். நிறைவேற்றுநர் ஒருவரின் பெயரும் உயிலிலேயே இருக்கட்டும்.