பன்றிப் பல் கிழித்த காலமும் பைக் சக்கரம் உரசும் காலமும்

ராஜபாளையம் நாயின் உடம்பில் ரத்தம் மறையாது. வெள்ளைக் குட்டை ரோமம், அதற்குக் கீழே இளஞ்சிவப்புத் தோல், அதே நிறத்தில் மூக்கு. ஒரு முள் கீறினாலும் பத்தடி தள்ளி நிற்பவர் கண்ணில் பட்டுவிடும். இந்தப் பக்கத்து மனிதர்கள் நாய்ப் புண்ணுக்குக் கைவைத்தியம் பழகியதற்கு அந்த நிறமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

அன்று அது காட்டுக்குப் போன நாய். மேற்கு மலையடிவாரத்தில் காட்டுப்பன்றியை மடக்கும் வேலை அதற்கு. பன்றி திரும்பி நின்றால் கோரைப்பல் விலாவையோ தொடையையோ கிழித்துவிடும். காட்டுக்கு மருத்துவர் வரும் காலமல்ல. வேட்டைக்குப் போனவரின் மடியில் மஞ்சளும் பழைய வேட்டித் துணியும்தான் இருக்கும்.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1988-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மலை சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாயிற்று; 2021-இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகம் என்று அறிவிக்கப்பட்டது. வேட்டை நின்ற பிறகு நாய் மாந்தோப்புக் காவலுக்கு வந்தது, பிறகு வீட்டு வாசலுக்கு வந்தது. 2005-இல் தபால் தலையிலும் ஏறிவிட்டது. புண்ணும் கூடவே மாறிவிட்டது. இன்று வருபவை கம்பி வேலி கிழித்த கீறல், கழுத்துப் பட்டை அறுத்த தடம், உண்ணி கடித்த இடத்தைச் சொறிந்து சொறிந்தே ஆக்கிக்கொண்ட புண், பைக் உரசிய சிராய்ப்பு. இந்த இனத்தில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் உண்டு. அவற்றுக்குப் பின்னால் வரும் வண்டியின் ஹார்ன் கேட்பதே இல்லை.

பழைய மருந்துகளில் முதலிடம் வெட்டுக்காயப் பூண்டுக்கு. பிள்ளைகள் தாத்தாப்பூச் செடி என்று விளையாடுவார்களே, அதுதான். வரப்பில் பறித்து, உள்ளங்கையில் கசக்கி, சாற்றைப் பிழிந்தால் ரத்தம் நிற்கும். ராஜபாளையத்துக்குச் சஞ்சீவி மலை இருக்கிறது. அனுமன் தூக்கிப் போன மலையிலிருந்து விழுந்த துண்டு என்பது ஊர் நம்பிக்கை. ஆனால் இந்தப் பூண்டு வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்தது. புழுப்புண்ணுக்கு அரைத்துக் கட்டும் சீத்தா இலையும் அப்படி வந்த மரத்தினுடையதுதான். நம் கைவைத்தியம் ஒரு நாளும் கதவடைத்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை. புதிய செடி வந்தால் பார்த்தது, பழகியது, வைத்துக்கொண்டது. தாத்தாப்பூச் சாறு காயத்தை ஆற்றும் விதத்தை ஆய்வுக்கூட எலிகளிலும் சோதித்திருக்கிறார்கள், பலன் தெரிந்திருக்கிறது.

ஆடு மாடு வைத்தியம் இதைவிட ஒழுங்காக ஏட்டில் ஏறியது. மாட்டு வாகடச் சுவடிகள் தமிழில் உண்டு. நம் காலத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் புண்ணியமூர்த்தி மரபு மருத்துவ முறைகளைத் திரட்டி, அளவுகளோடு எழுதி, விவசாயிகளிடம் சேர்த்தார். தேசியப் பால்வள வாரியமும் அவற்றைப் பரப்பியது. மாட்டுப் புண்ணுக்கு அதில் வரும் எண்ணெயை இன்று பால்காரர்கள் பலர் மனப்பாடமாகச் சொல்வார்கள்: குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி, வெள்ளைப்பூண்டு பத்துப் பல், மஞ்சள் 20 கிராம், அரை லிட்டர் நல்லெண்ணெயிலோ தேங்காயெண்ணெயிலோ காய்ச்சி வடித்தது. மாட்டுக்கு நல்ல மருந்து.

அதை அப்படியே நாய்க்குத் தடவும்போதுதான் எனக்குப் பதற்றம் வருகிறது. நாய் தன் புண்ணை நக்கும். தடவியது அத்தனையும் வயிற்றுக்குள் போகும். வெள்ளைப்பூண்டும் வெங்காயமும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கக்கூடியவை. பூனைக்கு அதைவிடக் குறைவே போதும். கற்பூரம் சேர்த்த எண்ணெயும் உள்ளே போனால் வலிப்பு வரை கொண்டுபோய் விடும். புழுப்புண்ணில் புகையிலைத் தூளும் அந்துருண்டைப் பொடியும் மண்ணெண்ணெயும் போட்டவர்கள் உண்டு. புழு செத்ததைத்தான் பார்த்தார்கள். நஞ்சு உள்ளே இறங்கியது கண்ணுக்குத் தெரியவில்லை. ஆடுதீண்டாப்பாளைச் சாறும் அந்த வரிசைதான். சிறுநீரகத்தைக் கெடுக்கும் அமிலம் அதில் இருக்கிறது.

பூனையின் கதை வேறு. பால் காயும் ஸ்ரீவில்லிபுத்தூரில் பூனை இல்லாமலா இருக்கும்? ஆனால் பூனைக்கு மருந்து போட்டவர்கள் குறைவு. அது எங்காவது ஒளிந்து தானே ஆற்றிக்கொள்ளும் என்று விட்டுவிடுவார்கள். இன்று அது கட்டிலில் படுக்கிறது, அடிபட்டால் வீடே கலங்குகிறது. அந்தப் பாசத்தோடு கைக்குக் கிடைத்ததையெல்லாம் தடவிவிடுகிறோம். பூனையின் கல்லீரலுக்குப் பல வேதிப்பொருள்களை உடைத்து வெளியேற்றும் வலு இல்லை. ஒரே ஒரு பாரசிட்டமால் மாத்திரை அதைக் கொன்றுவிடும். பினாயில் வகைக் கிருமிநாசினி, டீ ட்ரீ எண்ணெய், வேப்பெண்ணெய் மூன்றையும் அதன் பக்கம் கொண்டுபோகவே கூடாது. குப்பைமேனி வேரின் வாசத்துக்குப் பூனை சொக்கிப்போய்ப் புரளும். பூனைவணங்கி என்று அந்தச் செடிக்கு இன்னொரு பெயரே இருக்கிறது. அதை அரைத்துப் புண்ணில் வைத்தால் பூனை விடாமல் நக்கும்.

இன்னொன்றும் உண்டு. பூனைச் சண்டையில் பல் பதிந்த துளை மிகச் சிறியது. மேல்தோல் சீக்கிரமே மூடிவிடும், உள்ளே சீழ் கட்டும். அதன்மேல் பச்சிலை அப்பினால் சீழை உள்ளே பூட்டி வைத்ததாகிவிடும். வீக்கமும் சூடும் தெரிந்தால் மருத்துவர் கீறிவிட வேண்டியதுதான்.

அப்படியானால் மூலிகையே வேண்டாமா? வேண்டும், அளவோடு. நகம் கீறியது, தோல் மட்டும் சிராய்த்தது போன்றவற்றுக்கு வீட்டு வைத்தியம் போதும். அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, ஒரு டீஸ்பூன் உப்பைக் கரைத்து, அதனால் புண்ணைக் கழுவுங்கள். பாதி வைத்தியம் இதிலேயே முடிந்துவிடும். சுற்றியுள்ள ரோமத்தைக் கத்தரித்துவிடுங்கள். நாய்க்கு விரலி மஞ்சளை உரைத்து மெலிதாகப் பூசலாம். வெள்ளை நாய் சில நாள் மஞ்சள் நாயாக நடமாடும், அவ்வளவுதான். சோற்றுக் கற்றாழையென்றால் மஞ்சள் பாலை வடித்துவிட்டு, சோற்றை மட்டும் ஏழு தண்ணீரில் அலசி எடுங்கள். சித்த வைத்தியர்கள் சொல்லிவந்த அந்த ஏழு தண்ணீர் வீண் சடங்கல்ல. பேதியை உண்டாக்குவது அந்தப் பால்தான். ஸ்கேவான், டாபிக்யூர், ஹைமேக்ஸ் என்று கால்நடைகளுக்கான மூலிகைக் களிம்புகளும் ஸ்பிரேக்களும் மருந்துக் கடையில் கிடைக்கின்றன. அவற்றிலும் நாய்க்கா, பூனைக்கா, மாட்டுக்கா என்று லேபிளைப் படித்துவிட்டே கை வைக்க வேண்டும்.

கட்டுத் துணிக்கு இந்த ஊர்க்காரர்கள் எங்கும் அலைய வேண்டாம். பக்கத்துச் சத்திரப்பட்டியில் விசைத்தறிகள் நெய்வதே மருத்துவமனைக் காஸ் துணியும் பேண்டேஜும்தான்; வெளிநாட்டுக்கும் போகிறது. வேட்டித் துணி கிழித்துக் கட்டிய காலம் போய், உலகத்துக்கே கட்டுத் துணி நெய்யும் வட்டாரமாகிவிட்டோம். மருந்து காயும்வரை சுத்தமான காஸ் துணியால் மூடி, நக்காதபடி கழுத்தில் கூம்புப் பட்டை மாட்டுங்கள். இரண்டு நாளில் புண் சுருங்காவிட்டால், நாற்றம் வந்தால், ஈ மொய்த்துப் புழு வைத்திருந்தால் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. அரசுக் கால்நடை மருத்துவமனை அதைவிடப் பக்கம்.

கடிபட்ட புண்ணைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். வெறிநாய்க் கடியில் மிளகாய்ப் பொடியும் சுண்ணாம்பும் அப்பிய காலம் ஒன்று இருந்தது. தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பயமும் மருத்துவமனைப் பக்கம் போகவிடாமல் தடுத்தது. அந்தப் பழைய ஊசி இந்தியாவில் நிறுத்தப்பட்டு இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. இன்று மனிதருக்குக் கையில் சில ஊசிகள்தான். உங்கள் நாயையோ பூனையையோ முகம் தெரியாத நாய் கடித்திருந்தால் கையுறை போட்டுக்கொண்டு, சோப்பும் ஓடும் தண்ணீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே மருத்துவரிடம் தூக்கிப் போங்கள். ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டிருந்தாலும் போங்கள். ரேபிஸைத் தடுக்கும் பச்சிலை எந்த மலையிலும் இல்லை.